கரையில் நின்ற அக்காள்

"எந்த வரின்னு காட்டுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

என் ஆள்காட்டி விரல் புத்தகத்தின் மேல் இருந்தது. அதை நகர்த்தினால் அந்த வரி அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். நகர்த்தாமல் வைத்திருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியத்தான் போகிறது.

கோயில் முன்னால் போட்ட தழைப் பந்தலில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் செல்வி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஊர்க்கவுண்டரின் மருமகள். அவள் தோளில் நாற்பது நாள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அந்தக் குழந்தையைக் கொண்டுபோகத் திருப்பூரிலிருந்து கார் வருவதாக இருந்தது.

நான் காட்டுகிற வரியில்தான் கார் வருவதும் வராததும் இருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில், தேவனூர் நாட்டுக் கிளைத் தபால் ஆபீஸுக்கு நான் வேலைக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், கோயில் பந்தலில் கதை படித்தேன் என்று ஒரு வரி வந்துவிட்டது. ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். 'வேதக்காரரான உங்களுக்குக் கோயில் பந்தலில் என்ன வேலை?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வரியோடு தப்பித்துவிடலாம் என்று நினைத்தது என் தப்பு.

மழைக்குப் படிப்பது

எங்கள் நாட்டில் (மலை ஊர்கள் சில சேர்ந்தால் அதை நாடு என்போம்) மழை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்தால் கதை படிப்பார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள் நாட்டுக்காக அடித்துக்கொண்டு சாகிற அந்தப் பெரிய கதைதான். பதினெட்டு நாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடித்துவிடுவார்கள்.

அந்தப் பதினெட்டு நாளும் ஊரில் கோழி அறுக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது. படிப்பவரைத் தவிர யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. முதல் நாள் ஊர் மொத்தமும் எழுந்து நின்று, 'படிக்கிற சொல்லுக்குக் கட்டுப்படறோம்' என்று சொல்லும். சும்மா சடங்குக்குச் சொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்பனுக்காகப் பட்டத்தையே விட்டுக்கொடுத்தான் ஒரு மகன் என்று நான் படித்த இரண்டாம் நாள், ஒருவன் எழுந்தான். மிளகுக் கொடி ஏறிய நாலு மரத்துக்காக அப்பன்மேல் வழக்குப் போட்டிருந்தவன். "நான் வாபஸ் வாங்கிக்கறங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்பன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

வழக்கமாகப் படிப்பவர் சடையண்ணன். நாற்பது வருடமாக அந்தப் புத்தகம் அவரிடம்தான். அந்த வருடம் அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். இன்னொரு கண்ணில் அரைப் பார்வை. பழைய அச்சு, சந்தி பிரிக்காத பாட்டு, நடுநடுவே வசனம். ஊரில் படித்த பிள்ளைகள் எல்லோரும் அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தடங்கலில்லாமல் படித்தவன் நான் ஒருத்தன்தான்.

"தபால்காரரு படிக்கட்டும்" என்றார் சடையண்ணன்.

ஊர்க்கவுண்டருக்கு மனசில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "படிங்க. ஆனா உங்க சாமிய உள்ள கொண்டாரப்படாது" என்றார். நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன்.

இரண்டு பெட்டிகள்

நான் தடங்கலில்லாமல் படித்ததற்குக் காரணம் என் அப்பா. மலையடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தமாக நாலு ஏக்கர் உண்டு. அப்பா வாரம் ஆறு நாள் வெள்ளாமை பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் வேதம் வாசிப்பார். எனக்கு ஒன்பது வயதானபோது அந்த வேலையை என் தலையில் கட்டினார். ஒரு எழுத்து பிசகினால் வீட்டுக்கு வந்ததும் காது சிவக்கும்.

எங்கள் தெருவின் அந்தக் கோடியில் கூத்து நடக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் போவேன். போகப் போக எனக்குக் குழப்பம் அதிகமானது. எங்கள் புத்தகத்தில் ஒருத்தன் விடிகிறவரை சாமியோடு மல்லுக்கட்டி, இடுப்புச் சந்து பிசகி, ஆசி வாங்குகிறான். கூத்தில் ஒருத்தன் வேடனாக வந்த சாமியோடு கட்டிப் புரண்டு அம்பு வாங்குகிறான். அங்கேயும் வெள்ளம் வந்து உலகம் முழுகுகிறது, இங்கேயும் முழுகுகிறது. அண்ணன்மார் பொறாமை இரண்டிலும் வண்டி வண்டியாக இருக்கிறது. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்கிற பட்டியல் வரும்போது இரண்டு பக்கமும் கூட்டம் கொட்டாவி விடும்.

எல்லாவற்றையும் விட அந்தப் பெட்டிதான் என்னை அலைக்கழித்தது. இரண்டு கதையிலும் ஒரு தாய் பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறாள். இரண்டு பிள்ளையும் ஒன்றா என்று அப்பாவிடம் கேட்டேன். காதுதான் சிவந்தது. கூத்து வாத்தியாரிடம் கேட்டேன். அவர் முகத்தில் பாதி அரிதாரத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"உங்க பெட்டியில என்ன புள்ளை?"

"ஆம்பளப் புள்ளைங்க."

"எங்குளுதும் அதுதான். பொட்டப் புள்ளையா இருந்தா எவன் எடுத்து வெச்சுக் கதை எழுதப் போறான்?" என்று சொல்லிவிட்டு மறுபாதி முகத்துக்குச் சாயம் பூசப் போய்விட்டார்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை அப்போதே கவனித்திருந்தேன். கூத்துக் கதையில் தாய் பெட்டியை விட்டதும் திரும்பிப் போய்விடுகிறாள். கரையில் யாரும் இல்லை. எங்கள் புத்தகத்தில் ஒரு அக்காள் நிற்கிறாள்.

செல்வி வந்தது

படிப்பின் நாலாம் நாள் காலை செல்வி தபால் ஆபீஸுக்கு வந்தாள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தான். மூத்தது இரண்டும் பெண். மூன்றாவதும் பெண்.

ஊர்க்கவுண்டரின் தம்பி திருப்பூரில் இருக்கிறார். பத்து வருடமாகப் பிள்ளை இல்லை. தம்பி சம்சாரம் வந்து அழுதபோது, "பொறக்கறது பொண்ணா இருந்தா உனக்குத்தான் கண்ணு" என்று ஊர்க்கவுண்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அழுகையைப் பார்த்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன், என்ன, கொடுக்க என்னிடம் பிள்ளை இருந்திருக்காது. செல்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கொண்டுபோகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, குடுத்த புள்ளையத் திரும்பக் கேக்க முடியுங்களா?" என்றாள்.

நான் பை கட்டும் அவசரத்தில் இருந்தேன். எனக்கு முன்கோபம் உண்டு என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். "அப்பறம் கேக்கறதுக்குப் பதிலா இப்பக் குடுக்காம இருக்கோணும். அதை உங்க மாமனாருகிட்டச் சொல்லு, என்கிட்டச் சொல்லி என்ன ஆகும்?" என்றேன்.

"நான் சொன்னா யாருங்க கேப்பாங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். பஸ் வந்து பை போன பிறகுதான் நான் பேசியது எனக்கே உறைத்தது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

கீல்

சாயங்காலம் படிக்க உட்கார்ந்தபோது, அன்றைய பாகத்தில் என்ன வருகிறது என்பதே எனக்கு நினைவில்லை. பக்கம் திரும்பியது. பெட்டி வந்துவிட்டது.

அந்த இடம் வசனத்தில் இருந்தது. பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் இருக்கத் தாய் மெழுகு பூசினாள் என்று இருக்கிறது. எங்கள் மலையில் தேன்மெழுகு தெரியாத ஆள் கிடையாது. நான் 'கீல் பூசினாள்' என்று படித்தேன்.

கீல் என்பது தார் மாதிரியான பூச்சு, எங்கள் புத்தகத்துப் பெட்டிக்கு உரியது. ஒன்பது வயதிலிருந்து வாயில் ஊறிய சொல். எதிரே உட்கார்ந்திருந்த சடையண்ணன் சட்டென்று தலையைத் தூக்கினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் வாய் நிற்கவில்லை.

பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே அக்காக்காரி கரையோடு கரையாக நடந்தாள் என்றேன். பெட்டியை எடுத்த ராஜகுமாரியிடம் போய், பால் கொடுக்க ஒருத்தியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள் என்றேன். கூட்டி வந்தது பெற்ற தாயையே, அவளே அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்தாள் என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

வாய் தவறியா, வேண்டுமென்றா? பல வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீல் என்றது வாய் தவறித்தான். மற்றதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

எங்கள் ஆறு கொஞ்ச தூரம் ஓடி நேராக அருவியாக விழுகிற ஆறு. ஆற்றில் விட்ட பெட்டி என்றால் எங்கள் பெண்களுக்கு அது போய்ச் சேரும் இடம் நன்றாகத் தெரியும். அதனால் அந்த இடத்தில் எப்போதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்களாம். அன்று யாரும் அழவில்லை.

செல்வி எழுந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க. பெத்தவளே வளத்தாளுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். அந்தப் பந்தலில் ஒரு பெண் அப்படித் திரும்பியதை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"மாமா, படிக்கிற சொல்லுக்குக் கட்டுப்படறதா நீங்கதான் மொதல்ல எந்திரிச்சுச் சொன்னீங்க. படிச்சாச்சு. நான் இவளைக் குடுக்கலீங்க."

ஊர்க்கவுண்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இந்தக் கதைய நான் சின்னப் புள்ளையில இருந்து கேக்கறனுங்க. கரையில யாரும் நிக்கல. எந்த வரின்னு காட்டுங்க."

சூடம்

இப்படித்தான் என் விரல் அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

இல்லை என்று சொன்னால் செல்வியின் காலுக்குக் கீழே இருக்கும் தரை போய்விடும். வேதக்காரன் தன் சாமியை மழைப் படிப்புக்குள் கொண்டுவந்தான் என்று ஆகிவிடும். மழை வராமல் போனால் அதுவும் என் கணக்கில்தான். இருக்கிறது என்று சொன்னால் ஒரே மூச்சில் இரண்டு புத்தகத்தின் மேலும் பொய் சொன்னவன் ஆவேன். எனக்குத் தைரியம் வந்ததாக எழுத ஆசைதான். வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஊர்க்கவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, புத்தகத்துக்குக் கையை நீட்டினார்.

"தொடப்படாதுங்க" என்றார் சடையண்ணன். "படிக்கறவன் தவிர யாரும் தொடப்படாது. பாக்கவும் படாது. உங்க அய்யன் போட்ட கட்டு."

நீட்டிய கை நின்றது. நல்ல மனிதர்களிடம் இது ஒரு வசதி, கட்டு என்றால் நின்றுவிடுவார்கள்.

"அப்ப நீ சொல்லு சடையா. உனக்கு மனப்பாடம். அந்த அக்கா இருக்காளா, இல்லையா?"

"இருக்கறாளுங்க. அது வாய்ப்பாடம். அச்சுல வராது."

"நாப்பது வருசமா நீ படிச்சதில்லையே."

"தபால்காரரு படிச்சாரு."

ஊர்க்கவுண்டர் பூசாரியைப் பார்த்துச் சூடம் ஏற்றச் சொன்னார். "சூடத்தை அடிச்சுச் சொல்லு சடையா. ஏத்துக்கறேன்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்யாக அடித்தவனுக்குக் கண் போய்விடும் என்பது நம்பிக்கை. சடையண்ணனுக்கு மீதி இருந்தது ஒன்றரைக் கண். அதில் ஒன்று துணிக்குள் இருந்தது.

நான் எழுந்தேன். "சடையண்ணா, வேண்டாங்க" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தம் வந்ததா தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைத் தடவித் தடவித் தட்டு இருந்த இடத்துக்கு நகர்ந்து வந்தார். சூட்டை வைத்து இடம் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. செல்வி அதைச் சமாதானப்படுத்தவில்லை.

"அக்கா கரையில நின்னா" என்றார் சடையண்ணன். "புள்ளை தாய்கிட்ட வந்துருச்சு. இது சத்தியம்."

கை இறங்கியது. சூடம் அணைந்து புகை வந்தது.

"தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டனே" என்று ஒரு தடவை சொன்னார் ஊர்க்கவுண்டர், யாரிடம் என்றில்லாமல். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறைப் பக்கம் நடந்தார். போகும்போது, "நிறுத்தாதீங்க, படிங்க" என்றார். நான் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

கார் வரவில்லை. மழை வந்ததா என்றால், வந்தது, பக்கத்து எடப்புளி நாட்டில். எங்களுக்கு அந்த வருடம் சாமையும் இல்லை, மரவள்ளியும் பாதிதான். திருப்பூர் தம்பி மூன்று வருடம் அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவர் சம்சாரத்தின் அழுகையும் என் கணக்கில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஊர்க்கவுண்டரும் சடையண்ணனும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் செல்வியிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா, பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

மறுநாள்

சூடம் அடித்த மறுநாள் காலை சடையண்ணன் தபால் ஆபீஸுக்கு வந்தார். உள்ளங்கையில் கொப்புளம், கண்ணில் பச்சைத் துணி. பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"அந்தக் கீலு எங்கிருந்து வந்துச்சுங்க?"

"எங்க புத்தகத்துலங்க."

"அக்காளும் அங்கதான் நின்னாளா?"

"ஆமாங்க."

"நெசமா நின்னா?"

"நின்னாங்க. நீங்க பண்ணுனது பொய்ச் சத்தியம் இல்லீங்க."

அவர் தலையை ஆட்டினார். "தாயே பால் குடுத்தது?"

"அதும் நெசந்தானுங்க."

"அப்பறம்?"

இதை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "புள்ளை கொஞ்சம் பெருசானதும் ராஜகுமாரிகிட்டக் கொண்டுபோயி உட்டுட்டாங்க. அது ராஜகுமாரி புள்ளை ஆயிருச்சு" என்றேன்.

அவர் கொப்புளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அதைப் படிக்காம நிறுத்துனீங்களே. நல்ல வேளை" என்றார்.

எழுந்து வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

"நாப்பது வருசத்துல ஏழெட்டுத் தடவ படிச்சிருக்கறனுங்க. ஒவ்வொருக்காவும் அந்தப் புள்ளைய ஆத்துல உட்டுப்போட்டு, புத்தகத்தை மூடி வெச்சுட்டு, ஊட்டுக்குப் போயிச் சோறு தின்னுருக்கறன். ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கோணும்னு எனக்குத் தோணலீங்க."